பிளக் பொருந்தினால் போதுமா?

(மூன்றாம் ஆண்டு இயற்பியல் மாணவன்)

‘ஆழமறிந்து காலை விடு’ என்பது நம் முன்னோர் மொழி. ஆற்றுக்கு மட்டுமன்று, மின்சாரத்திற்கும் அது பொருந்தும் என்பதை நான் வகுப்பறையில் கற்கவில்லை. வீட்டில் பட்டுத்தான் கற்றேன். நம் கல்லூரியில் படித்து வெளியேறுவோரில் சிலர் சிங்கப்பூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் வேலை தேடிச் செல்கின்றனர். சிலர் மேற்படிப்புக்குச் செல்கின்றனர். அவர்கள் பெட்டி கட்டும் நேரத்தில் இக்கட்டுரை உதவுமாயின் மகிழ்வேன்.

2024 டிசம்பரில் என் அப்பத்தா, அத்தை மகளின் பிரசவத்திற்காக அமெரிக்காவிலுள்ள நியூஜெர்சிக்குப் புறப்பட்டார். அவருக்கு நெடுநாளாக ஆஸ்துமா. குளிர் என்றால் இழுப்பு வந்துவிடும். ஆதலால் வீட்டிலிருந்த நெபுலைசரையும் பெட்டியில் வைக்கச் சொன்னார். அமெரிக்காவில் பிளக் வேறு என்பது எனக்குத் தெரியும். கடைத்தெருவில் எண்பது ரூபாய்க்கு ஓர் அடாப்டர் வாங்கி வந்தேன். ஒரு பக்கம் நம் உருண்டைப் பின்களைச் செருகலாம். மறுபக்கம் தட்டையான இரண்டு பின்கள் இருக்கும். “பிசிக்ஸ் படிக்கிற பேரன் இருக்கான், எனக்கென்ன கவலை” என்று அப்பத்தா அண்டை வீடுகளில் சொல்லிப் பெருமைப்பட்டார்.

அவர் போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள் தொலைபேசி ஒலித்தது. “ஏய்யா, நீ குடுத்த மிசினு உறுமுது. ஆனா புகை வரலையே” என்றார். ஒவ்வொரு சொல்லுக்கும் இடையே மூச்சு வாங்கியது. நல்ல வேளையாக, கைப்பையில் இருந்த இன்ஹேலர் அன்றிரவைக் கடத்தியது. மறுநாள் அத்தை அவரை மருத்துவரிடம் அழைத்துச் சென்று, அந்நாட்டு மின்சாரத்திற்கேற்ற வேறொரு கருவியை வாங்கித் தந்தார். பிழை கருவியினுடையது அன்று; என்னுடையது. அதை ஆராய்ந்தபோது நான் அறிந்தவற்றை இனிக் கூறுகிறேன்.

அடாப்டர் மாற்றுவது எதை?

சுவரிலிருந்து நாம் பெறும் மின்சாரத்தில் மூன்று செய்திகளைக் கவனிக்க வேண்டும். ஒன்று, பிளக்கின் வடிவம். இரண்டு, மின்னழுத்தம், அதாவது வோல்ட். மூன்று, அதிர்வெண், அதாவது ஹெர்ட்ஸ். கடையில் விற்கும் சாதாரண அடாப்டர் இவற்றுள் முதலாவதை மட்டுமே மாற்றுகிறது. மற்ற இரண்டையும் அது தொடுவதே இல்லை.

இந்தியாவில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அமெரிக்காவிலும் கனடாவிலும் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். ஜப்பானில் 100 வோல்ட். அங்கே டோக்கியோ உள்ள கிழக்குப் பகுதியில் 50 ஹெர்ட்ஸ், ஒசாக்கா உள்ள மேற்குப் பகுதியில் 60 ஹெர்ட்ஸ். பிரேசிலின் நிலை இன்னும் விந்தையானது. நாடெங்கும் ஒரே வகைப் பிளக் பாயிண்டுதான். ஆனால் சில ஊர்களில் 127 வோல்ட், சில ஊர்களில் 220 வோல்ட்! பிளக்கின் வடிவத்தைப் பார்த்து வோல்ட்டை அறிய முடியாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

மின்தடை மாறாதிருந்தால், ஒரு பொருள் எடுக்கும் திறன் வோல்ட்டின் இருமடிக்கேற்ப மாறும் என்பது நாம் முதலாண்டிலேயே படிக்கும் பாடம். 230 வோல்ட்டில் 1000 வாட் தரும் இஸ்திரிப் பெட்டி 120 வோல்ட்டில் சுமார் 270 வாட்தான் தரும். துணி சுருக்கம் நீங்காது. மோட்டாரின் முறுக்கு விசையும் ஏறக்குறைய இவ்வாறே குறையும். அப்பத்தாவின் நெபுலைசரில் ஒரு சிறு மோட்டார் காற்றை அழுத்தி மருந்தைப் பனியாக்குகிறது. அதற்குப் போதிய வலு கிடைக்காததால் உறுமல் மட்டும் வந்தது, பனி வரவில்லை.

மறுதிசையில் தவறு செய்தால் விளைவு இன்னும் கொடியது. 120 வோல்ட்டுக்கென்று செய்த 1000 வாட் தலைமுடி உலர்த்தியை நம் 230 வோல்ட்டில் செருகினால் அது 3600 வாட்டுக்கு மேல் இழுக்கப் பார்க்கும். சில நொடிகளில் புகையும் நாற்றமும்தான் மிஞ்சும்.

ஏன் இந்த வேற்றுமை?

எடிசன் 1882இல் நியூயார்க்கில் மின்விளக்கு ஏற்றியபோது, அன்றைய விளக்குகளுக்கேற்ப 110 வோல்ட் அளவில் மின்சாரம் வழங்கினார். அமெரிக்கா அவ்வழியிலேயே வளர்ந்தது. ஐரோப்பியர் பிற்பாடு வோல்ட்டை இரட்டித்தனர். வோல்ட் இரட்டித்தால் அதே திறனுக்கு மின்னோட்டம் பாதியாகும். கம்பியில் வெப்பமாக வீணாவது கால் பங்காகும். நாம் பயன்படுத்தும் மூன்று உருண்டைப் பின் கொண்ட பிளக் பிரிட்டிஷார் விட்டுச் சென்றது. அவர்களோ 1947இல் தட்டையான மூன்று பின் கொண்ட புதிய பிளக்கை வகுத்துக்கொண்டு, அதனுள்ளேயே ஃபியூசும் வைத்தனர். நாம் பழையதையே வைத்துக்கொண்டோம்.

சார்ஜர் தப்பிப்பது எப்படி?

அப்பத்தாவின் கைபேசிச் சார்ஜர் மட்டும் அதே அடாப்டரில் குறையின்றி வேலை செய்தது. காரணம் உண்டு. இக்காலச் சார்ஜர் தன்னிடம் வரும் மாறுமின்சாரத்தை முதலில் நேர்மின்சாரமாக்குகிறது. பின்பு ஒரு மின்னணுச் சாவி அதை நொடிக்குப் பல்லாயிரம் முறை திறந்து மூடி, தேவையான 5 வோல்ட்டையோ 9 வோல்ட்டையோ பெறுகிறது. வரும் வோல்ட் குறைந்தால் சாவி கூடுதல் நேரம் திறந்திருக்கும். மிகுந்தால் குறைந்த நேரம். ஆகவே 100 முதல் 240 வோல்ட் வரை, 50 ஆயினும் 60 ஹெர்ட்ஸ் ஆயினும், அதற்கு ஒன்றுதான். பெரும்பாலான மடிக்கணினிச் சார்ஜர்களும் இவ்வகையே.

இதை எப்படி அறிவது? சார்ஜரின் முதுகில் பொடி எழுத்தில் ‘இன்புட்’ என்று ஒரு வரி இருக்கும். அங்கே 100–240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ் என்றிருந்தால் வடிவம் மாற்றும் அடாப்டர் மட்டும் போதும். 230 வோல்ட் அல்லது 220–240 வோல்ட் என்று மட்டும் இருந்தால், அது 120 வோல்ட் நாட்டுக்கு ஆகாது. நெபுலைசரின் அடியில் இந்த வரி தெளிவாகவே அச்சிடப்பட்டிருந்தது. நான்தான் திருப்பிப் பார்க்கவில்லை.

பெட்டி கட்டும் முன்

பிரிட்டன், சிங்கப்பூர், மலேசியா, ஐக்கிய அரபு அமீரகம் ஆகிய நாடுகளில் தட்டையான மூன்று பின் பிளக் வழக்கில் உள்ளது. வோல்ட் நம்முடையதற்கு நெருங்கியதே. அங்கே நம் மிக்ஸியும் நல்ல அடாப்டர் வழியாக ஓடும். ஆனால் அடாப்டர் எத்தனை ஆம்பியர் தாங்கும் என்று பார்த்துக்கொள்ள வேண்டும். 750 வாட் மிக்ஸிக்குச் சற்றேறக்குறைய மூன்றேகால் ஆம்பியர் போதும். 1500 வாட் கெட்டிலுக்கு ஆறரை ஆம்பியர் வேண்டும். 6 ஆம்பியர் அடாப்டர் அதற்குப் போதாது.

மூன்று பின் பொருளை இரண்டு பின்னாக்கும் அடாப்டரில் எர்த் இணைப்பு அறுந்துவிடும். உலோக உடல் கொண்ட பொருள்களை அதில் செருகலாகாது. சதுரத்திற்குள் சதுரம் வரைந்த குறி உள்ள பொருளுக்கு எர்த் தேவையில்லை. அது இரட்டைக் காப்பிட்டது.

வோல்ட்டை மாற்றும் மின்மாற்றிகளும் விற்கின்றன. ஆனால் வெப்பம் தரும் பொருள்களுக்கு ஏற்ற மின்மாற்றி கனமானது, விலையும் கூடுதல். அதிர்வெண்ணையோ மின்மாற்றியும் மாற்றாது. இஸ்திரிப் பெட்டி, கெட்டில் போன்றவற்றை அங்கேயே வாங்குவது அறிவுடைமை.

பவர் பேங்கை விமானத்தில் கைப்பையில்தான் கொண்டுசெல்ல வேண்டும். சரக்கில் போடும் பெட்டியில் வைக்கலாகாது. தனி அனுமதியின்றி 100 வாட்-மணி வரை எடுத்துச் செல்லலாம் என்பது பொது விதி. 20,000 மில்லி ஆம்பியர்-மணி என்பதை 3.7 வோல்ட்டால் பெருக்கினால் 74 வாட்-மணி. அது எல்லைக்குள் அடங்கும்.

இறுதியாக ஒன்று. மருத்துவக் கருவி எடுத்துச் செல்வோர் மருத்துவரைக் கலந்து, 100–240 வோல்ட்டில் இயங்குவதையோ மின்கலத்தில் இயங்கும் சிறு கருவியையோ முன்னரே தேடிக்கொள்ள வேண்டும். மற்றப் பொருள் ஓடாவிட்டால் தொல்லை. இது ஓடாவிட்டால் மூச்சு.

அப்பத்தா ஊர் திரும்பிவிட்டார். என்னைக் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஆனால் எங்கள் தெருவில் யார் வெளிநாடு புறப்பட்டாலும், “அடியில என்ன எழுதியிருக்குன்னு எம் பேரன்கிட்ட காட்டிட்டுப் போங்க” என்று அனுப்பிவைக்கிறார். வந்தவர் பொருளைக் கையில் வாங்கியதும் நான் முதலில் செய்வது, அதைக் கவிழ்த்து அந்தப் பொடி எழுத்தைப் படிப்பதுதான். நண்பர்களே, நீங்களும் அவ்வாறே செய்யுங்கள்.