கடல் கடந்த த்ரீ நாட் த்ரீ

வங்காளத்தின் இஷாப்பூர் தொழிற்சாலையில் தயாரான 'த்ரீ நாட் த்ரீ' (.303) ரைபிள்களை இன்று அமெரிக்காவில் தேடிப்பிடித்து வாங்குகிறார்கள். நம் படைகள் கழித்துவிட்ட துப்பாக்கி, அங்கே சேகரிப்பாளர்களின் பொக்கிஷம். போல்ட் கைப்பிடியைத் தூக்கிப் பின்னால் இழுத்தால் வெற்றுக் குப்பி தெறித்து விழும். முன்னே தள்ளினால் அடுத்த தோட்டா ஏறும். மேகசினில் மொத்தம் 10.

அந்தக் கைப்பிடிக்குக் கீழே இரும்பில் பொறித்திருப்பதைப் பார்த்தாலே காலம் தெரிந்துவிடும்: வெள்ளைக்காரர் காலத்ததில் கிரீடம், சுதந்திரத்துக்குப் பிறகு வந்ததில் அசோகச் சிங்கம். சிலவற்றின் முன்கட்டையில் கம்பி வரிந்து சுற்றியிருக்கும். எறிகுண்டு ஏவும்போது மரம் பிளந்துவிடாமல் இருக்கச் செய்த ஏற்பாடு அது. உத்தரப் பிரதேசக் காவல்துறை இந்த ரைபிளுக்கு விடைகொடுத்தது 2020 ஜனவரியில்தான்!

ஆனால் இங்கே, ராசிங்காபுரத்திலோ போடிமெட்டு ஏலத்தோட்டத்திலோ இருப்பவர் இதை வாங்கிச் சேர்க்க முடியாது. .303 தோட்டா, பொதுமக்களுக்குத் தடை செய்யப்பட்ட ரகம். உரிமம் உள்ளவர்களுக்கென்று அதே இஷாப்பூரில் .315 ரைபிள் செய்கிறார்கள். 2019 சட்டத்திருத்தத்தின்படி ஒருவர் இரண்டு துப்பாக்கிதான் வைத்திருக்கலாம். குறிபார்த்துச் சுடுவதில் ஆர்வமுள்ள இளைஞர்களுக்கு ரைபிள் கிளப்தான் சரியான இடம்.

வீட்டில் உரிமம் வைத்திருந்த பெரியவர் காலமாகிவிட்டால், அவருடைய துப்பாக்கியைப் பரணில் வைத்திருக்காதீர்கள். தாமதிக்காமல் பக்கத்துக் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டு, அதன்பிறகு வாரிசு உரிமத்துக்கு விண்ணப்பியுங்கள்.