பொது வளாகங்களில் செயற்கைப் புல்தரை

செயற்கைப் புல்தரை என்பது பாலிஎத்திலீன், பாலிப்ரொப்பிலீன், நைலான் போன்ற நெகிழி இழைகளைப் புல்வெளி போலத் தைத்து உருவாக்கும் விரிப்பாகும். அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரிலுள்ள ஆஸ்ட்ரோடோம் விளையாட்டரங்கில் 1966-இல் விரிக்கப்பட்ட பின்னரே இது பரவலாக அறியப்பட்டது.

பொது வளாகங்களில் இதன் தேவைக்குத் தண்ணீர்ப் பற்றாக்குறை ஒரு முக்கியக் காரணம். நெவாடா மாநிலம் 2021-இல் இயற்றிய சட்டப்படி, லாஸ் வேகஸ் பகுதியின் வணிக வளாகங்களிலும் குடியிருப்புச் சங்கங்களின் பொது இடங்களிலும் வெறும் அழகுக்காக வளர்க்கும் புல்லுக்குக் கொலராடோ ஆற்று நீரைப் பாய்ச்சுவது 2027 தொடக்கம் முதல் தடை செய்யப்படுகிறது. தனி வீடுகளுக்கு இது பொருந்தாது.

பலர் நடமாடும் இடத்தில் விரிப்பைவிட அடித்தளமே முக்கியம். மேல்மண்ணை அகற்றி, நொறுக்கிய கல்லைப் பரப்பி, நீர் வடியும் சரிவுடன் இறுக்குவர். இறுக்கம் போதாவிட்டால் தரை குழிவிழுந்து நீர் தேங்கும். துண்டுகளைப் பட்டையும் பசையும் கொண்டு இணைக்கும்போது இழைகள் ஒரே திசையில் சாய்ந்திருக்க வேண்டும். இல்லையெனில் ஒரே விரிப்பு இரு நிறமாகத் தெரியும். இறுதியாக, இழைகள் நிமிர்ந்து நிற்கச் சிலிக்கா மணல் தூவப்படுகிறது.

இதன் பெருங்குறை வெப்பம். கடும் வெயிலில் மேற்பரப்பு 60 டிகிரி செல்சியசைத் தாண்டுவதுண்டு. வெறுங்காலுடன் விளையாடும் குழந்தைகளுக்கு இது ஆபத்தானது. நீர் தெளித்தால் தணியும், ஆனால் விரைவில் மீண்டும் சூடேறும். தண்ணீரை மிச்சப்படுத்த அமைத்த தரைக்கே தண்ணீர் கேட்பது விந்தைதான். தேய்ந்த விரிப்பில் பலவகை நெகிழிகளும் மணலும் கலந்திருப்பதால் மறுசுழற்சியும் கடினம்.