சிறு பாய்ப்படகு: செலுத்தலும் பேணலும்

மலையும் கணவாயும் சூழ்ந்த நாட்டில் பிழைக்க வந்தவர்கள் நாம். ஏலக்காடு, தேயிலைத் தோட்டம், நெல்வயல், இரயில் நிலையம் இவையே நம்மவர் வாழ்க்கை. அங்ஙனமிருக்கப் பாய்ப்படகைப் பற்றி எழுதப் புகுந்தால், "இரயில்வே குமாஸ்தாவுக்குக் காயலில் என்ன வேலை?" என்று அன்பர்கள் நகைக்கக்கூடும். நகைக்கட்டும். நம் குடும்பத்துப் பிள்ளைகளும் இன்று கொச்சிப் பக்கத்துப் படகுப் பட்டறைகளுக்கு வேலைக்குச் செல்கின்றனர். குமுளியிலுள்ள நம் மைத்துனரின் மகன் அவர்களுள் ஒருவன். ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவருக்குச் சொந்தமான 24 அடிப் பாய்ப்படகைப் பேணிச் செலுத்துவது அவன் தொழில்.

அவன் அன்னைக்கு அந்த வேலையில் சற்றும் விருப்பமில்லை. காரணம் குமுளிவாசிகளுக்குச் சொல்லாமலே விளங்கும். 2009 செப்டம்பர் 30ஆம் நாள் தேக்கடி ஏரியில் 'ஜலகன்னிகா' என்னும் இரண்டடுக்குப் படகு கவிழ்ந்து 45 உயிர்கள் மாண்டன. விலங்குகளைக் காணும் ஆவலில் மேல்தட்டிலிருந்தோர் ஒருபுறமாகத் திரண்டனர் என்று அந்நாளில் செய்திகள் கூறின. பலர் உயிர்காப்புச் சட்டை அணிந்திருக்கவில்லை. அன்று மாலை குமுளியில் எழுந்த ஓலத்தைக் கேட்ட தாய், தன் மகன் படகில் ஏறுவதை எங்ஙனம் பொறுப்பாள்? "தம்பி, நீங்கள் ஒருமுறை நேரில் சென்று பார்த்து, அவன் அங்கே இருக்கலாமா, திரும்ப வேண்டுமா என்று சொல்லுங்கள்" என்று நம்மைக் கேட்டுக்கொண்டார். தை மாதத்து ஞாயிறு ஒன்றில் பாலக்காட்டிலிருந்து விடியல் வண்டியேறிக் கொச்சி சென்றோம்.

முதலில் நம் ஐயம் ஒன்றைத் தீர்த்துக்கொண்டோம். தேக்கடிப் படகைப் போல இதுவும் கவிழாதா? பையன் விளக்கினான். பாரம் உயரத்திலிருந்தால் படகு எளிதில் புரளும். அடியிலிருந்தால் சாய்ந்தாலும் நிமிரும். அப்படகின் அடியில் ஏரா எனப்படும் நடுத்தண்டோடு கனத்த உலோகப் பாரம் பொருத்தப்பட்டுள்ளது. காற்றில் அது சாய்வது இயல்பு. சாயச் சாய அடிப்பாரம் அதை நிமிர்த்த முயலும். ஆதலின் சாய்வைக் கண்டு அஞ்சி எல்லோரும் ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கம் ஓடலாகாது. தண்ணீர் புட்டி, கருவிப்பெட்டி முதலிய கனமான பொருள்களைத் தட்டின்மேல் அடுக்காமல் தாழ வைத்துக் கட்ட வேண்டும்.

காலையில் கரையிலிருந்து மெல்லிய காற்று. நண்பகலுக்குமேல் கடலிலிருந்து வன்காற்று. இவ்விரண்டையும் நம்பியே கடலோர மீனவர் தலைமுறை தலைமுறையாக விடியலில் பாய் விரித்துச் சென்று பிற்பகலில் கரை சேர்ந்தனர். காற்று வரும் திசையை நோக்கி நேரே பாய்ப்படகு செல்லாது. ஏறத்தாழ 45 பாகை விலகி, இப்பக்கமும் அப்பக்கமுமாக வளைந்து வளைந்தே முன்னேற வேண்டும். மலைப்பாதையில் பேருந்து கொண்டையூசி வளைவுகளில் ஏறுவதை நினைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும்.

அன்று நாம் செய்த முதற்பிழை பாயைச் சுருக்க விடாமல் தடுத்தது. நண்பகலில் காற்று ஏறத் தொடங்கியதும், "மாமா, பெரிய பாயைச் சுருக்கிவிடலாம்" என்றான். படகு அம்பு போலச் செல்லும் மகிழ்ச்சியில், "இன்னும் சற்றுப் போகட்டுமே" என்றோம். பாலக்காட்டார் இந்த இடத்தைக் கவனித்துப் படிக்க வேண்டும். மார்கழி, தை மாதங்களில் நம் கணவாய் வழியே வரும் கிழக்குக் காற்றில் ஓட்டுக்கூரை படும் பாட்டை அறிந்தவர்கள் நாம். காற்றின் வேகம் இரு மடங்கானால் அதன் அழுத்தம் இரு மடங்காவதில்லை, நான்கு மடங்காகும். மணிக்கு 10 கடல் மைல் காற்றுக்குத் தக்க பாய், 20 கடல் மைல் காற்றில் நான்கு மடங்கு சுமையைத் தாங்க நேரிடும். எனவே சுருக்கலாமோ என்னும் எண்ணம் தோன்றிய அக்கணமே சுருக்கிவிட வேண்டும். காற்று முற்றியபின் அதே வேலைக்கு மும்மடங்கு பாடு. செய்முறை இதுதான்: பாயின் கட்டுக்கயிற்றைத் தளர்த்திக் காற்றை வெளியேற்றுக, பாயை உயர்த்தும் கயிற்றை வேண்டிய அளவு இறக்குக, பாயின் முன்மூலைத் துளையைக் கொக்கியில் மாட்டுக, பின்மூலையைக் கயிற்றால் இறுக இழுத்துக் கட்டுக, பின்னர் மீண்டும் பாயை உயர்த்தி விறைப்பாக்குக. அமைதியான நாளில் கரையோரத்தில் பத்துமுறை பழகியவனே காற்றில் இதைச் செய்வான்.

திரும்பும்போது காற்று பின்னிருந்து வீசியது. பின்காற்று இனிமையானது, ஆபத்தும் அதிலேதான். சுக்கான் சிறிது தவறினால் பாயின் அடித்தண்டு ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்திற்கு இடிபோலப் பாயும். "தலை!" என்று பையன் கூவினான், நாம் குனிந்தோம், நான்கு விரற்கடை உயரத்தில் தண்டு சென்றது. பின்காற்றில் செல்லும்போது எவரும் அத்தண்டின் வழியில் நிற்கலாகாது. தண்டை முன்பக்கமாக ஒரு கயிற்றால் இழுத்துக் கட்டிவைப்பதும் நன்று.

இனி நம் அவமானம். சற்று நிற்கலாமென்று கரையோரம் நங்கூரம் இறக்கினோம். காலையில் அந்தக் கயிற்றைப் பெட்டியில் அழகாகச் சுருட்டி வைத்தவர் நாமே. அதன் மறுமுனையைப் பெட்டியினுள்ளே இருக்கும் வளையத்தில் கட்டச் சொல்லியிருந்தான். கயிறு ஓடியது, ஓடியது, கடைசி முனையும் வால் போல் ஆடிக்கொண்டு நீரில் சென்று மறைந்தது. இருபது கோப்புகளில் முத்திரை சரிபார்க்கும் குமாஸ்தா ஒரு முடிச்சைச் சரிபார்க்கவில்லை! படகு சீன வலைக் கம்பங்களை நோக்கி ஒதுங்கிற்று. இயந்திரத்தை முடுக்கினால் இருமுறை இருமி நின்றுவிட்டது. எண்ணெயில் நீர் கலந்திருந்தது. வள்ளத்தில் வந்த மீனவர் இருவர் கயிறெறிந்து இழுத்துச் சென்றிராவிடில் பாய்மரம் வலைக் கம்பத்தில் சிக்கி முறிந்திருக்கும். கூலி கொடுக்க முயன்றோம், ஏற்கவில்லை.

நங்கூரக் கயிற்றின் நீளத்திற்கும் ஒரு கணக்கு உண்டு. நீரின் ஆழம் 3 மீட்டர், நீர்மட்டத்திலிருந்து அணியம் 1 மீட்டர் உயரமென்றால் கூட்டுத்தொகை 4. சங்கிலியாயின் ஐந்து மடங்கு, அதாவது 20 மீட்டர். பெரும்பகுதி கயிறாயின் ஏழு மடங்கு, 28 மீட்டர் விட வேண்டும். வேலியேற்றத்தில் ஆழம் கூடுமாதலால் அதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். குறைவாக விட்டால் நங்கூரம் தரையைப் பற்றாமல் இழுபடும்.

பேணுதல் என்பது நம் இருப்புப்பாதையில் கீமேன் நாள்தோறும் சாவிகளைத் தட்டிப் பார்த்து நடப்பதைப் போன்றது. பாய்மரத்தைத் தாங்கும் எஃகுக் கம்பிகளைப் பழைய பருத்தித் துணியால் துடைத்தால், அறுந்த இழை இருக்குமிடத்தில் நூல் சிக்கும். அக்கம்பியை மாற்றியே ஆகவேண்டும். கம்பி முனைகளிலுள்ள ஊசிகளும் அவற்றின் பூட்டாணிகளும் கைவிரலளவே. ஒன்று விழுந்தால் பாய்மரமே சாயும். பாய்க்குப் பகை புயலன்று, வெயில். தையல் நூலே முதலில் உளுக்கும். எனவே இறக்கியவுடன் உறையிட வேண்டும். உப்பு நீர் பட்ட பாயையும் கயிற்றையும் நன்னீரில் அலசி உலர்த்த வேண்டும். கொச்சிக் காயலின் வெதுவெதுப்பில் அடிப்புறத்தில் சிப்பியும் பாசியும் விரைந்து படிவதால், ஆண்டுக்கொருமுறையேனும் கரையேற்றிச் சுரண்டி, அவை ஒட்டாத வர்ணம் பூசுதல் அவசியம். அடியிலுள்ள துத்தநாகக் கட்டி தான் அரிக்கப்பட்டு மற்ற உலோகங்களைக் காக்கும். பாதி கரைந்ததும் புதியது வைக்க வேண்டும். நீர் புகும் குழாய் வால்வு ஒவ்வொன்றின் அருகிலும் அளவான மரக்கட்டையொன்றைக் கட்டித் தொங்கவிடுதல் சிறு செலவு. வால்வு உடைந்தால் அதுவே உயிர். எண்ணெய் வடிகட்டியில் தேங்கும் நீரை அவ்வப்போது வடித்துவிடுதலும் இவ்வகையில் சேரும். அன்று அதை ஒருவரும் செய்திருக்கவில்லை.

இது சிறியவர் விளையாட்டு என்று எண்ண வேண்டாம். 2012-13இல் கேரளத்துக் கடற்படை வீரர் அபிலாஷ் டோமி தனியாளாய், எங்கும் நில்லாமல் உலகைச் சுற்றினார். 2018இல் தென் இந்துமாக் கடல் புயலில் பாய்மரம் முறிந்து முதுகெலும்பு காயமுற்று மீட்கப்பட்டவரும் அவரே. மீண்டும் சென்று 2023இல் கோல்டன் குளோப் பந்தயத்தில் இரண்டாமிடம் பெற்றார். அப்பயணத்தில் பழுதான தானியங்கிச் சுக்கானுக்குப் படகின் கழிப்பறைக் கதவையே அறுத்து மாற்றுப் பலகை செய்தார். புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா அழகிரிசாமியும் கோழிக்கோட்டின் தில்னாவும் 56 அடித் 'தாரிணி'யில் 2024 அக்டோபர் 2இல் கோவாவிலிருந்து புறப்பட்டு, உலகைச் சுற்றி 2025 மே 29இல் கரை சேர்ந்தனர். ஒரு தமிழ்ப்பெண், ஒரு மலையாளப்பெண், ஒரே சுக்கான். எல்லையோரத்தில் வாழும் நமக்கு இச்செய்தி தனிச் சுவையுடையது.

குமுளிக்குச் சென்று அன்னையிடம் நடந்ததை ஒளிக்காமல் சொன்னோம். நங்கூரத்தைத் தொலைத்தது மகனல்லன், நாமே என்றதும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். பிறகு ஒன்றே கேட்டார்: "சட்டை அணிந்துதானே போகிறான்?" கரையை விட்டு நீங்குமுன் நம் உயிர்காப்புச் சட்டையின் வார்களைத் தானே இழுத்து இறுக்கினான், தன்னுடையதை அதற்கு முன்பே அணிந்திருந்தான் என்றோம். "அப்படியானால் இருக்கட்டும்" என்றார்.

புதிய நங்கூரத்தின் விலையில் பாதியை நாம் அளித்துவிட்டோம். மாசியில் படகைக் கரையேற்றுகின்றனர். உப்புத்தாள் தேய்க்கும் வேலை நமக்கென்று பையன் எழுதியிருக்கிறான். முடிச்சு வேலை தனக்காம்.