சாப்ட்வேருக்கு ஆகும் செலவு எங்கே போகிறது?

தாம்பரம் சானடோரியத்தில் உள்ள மெப்ஸ் வளாகத்திலும், பழைய மகாபலிபுரம் சாலையிலும் ஆயிரக்கணக்கான சாப்ட்வேர் என்ஜினியர்கள் வேலை பார்க்கிறார்கள். "புரோகிராம் எழுத இத்தனை பேரா? ஒருமுறை எழுதிவிட்டால் காப்பி எடுத்து விற்க வேண்டியதுதானே?" என்று புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் கேட்பதுண்டு.

உண்மையில் எழுதுவது சிறிய வேலைதான். ஐ.பி.எம். நிறுவனத்தில் ஓ.எஸ்./360 என்ற ஆப்பரேட்டிங் சிஸ்டத்தை உருவாக்கும் பணியை நிர்வகித்தவர் ஃபிரெடரிக் புரூக்ஸ். 1975-ல் வெளிவந்த தன் நூலில் அவர் ஒரு கணக்குத் தருகிறார். மொத்த நேரத்தில் திட்டமிட 3-ல் 1 பங்கு; எழுத 6-ல் 1 பங்கு மட்டுமே; மீதமுள்ள பாதி முழுவதும் சோதனைக்கு!

ஏன் இவ்வளவு சோதனை? மளிகைக் கடை பில் போடும் புரோகிராமைப் பாருங்கள். விலையை அளவால் பெருக்க ஒரு வரி போதும். பாதி பில்லில் கரண்ட் போனால்? அளவில் பூஜ்யம் அடித்துவிட்டால்? ஒவ்வொன்றையும் யோசித்து, செய்து பார்த்தாக வேண்டும்.

விற்ற பிறகும் வேலை தொடரும். 2017 ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. வந்தபோது பில் புரோகிராம்கள் எல்லாம் மாற வேண்டியிருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் பல பொருள்களின் வரி மீண்டும் மாறியது. வரி எண்ணை மாற்ற ஒரு நிமிடம் போதும். ஆனால் 21-ம் தேதி விற்ற பொருளை ஒருவர் 25-ம் தேதி திருப்பிக் கொடுத்தால் பழைய வரிப்படிதான் கணக்குப் போட வேண்டும். எனவே புரோகிராம் இரண்டு வரியையும், மாறிய தேதியையும் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

1990-களின் இறுதியில் நம் நாட்டு நிறுவனங்களுக்குக் குவிந்த ஒய்2கே வேலையும் இப்படித்தான். ஆண்டை 2 இலக்கத்திலிருந்து 4 இலக்கமாக்குவது எளிது. லட்சக்கணக்கான வரிகளில் அது எங்கெல்லாம் இருக்கிறது என்று தேடுவதும், மாற்றியபின் சோதிப்பதும்தான் செலவு.

ஆகவே சாப்ட்வேர் வாங்கும்போது விலையை மட்டும் பார்க்காதீர்கள். "அப்டேட் எத்தனை ஆண்டு வரும்? யார் தருவார்கள்?" என்று கேளுங்கள். உதாரணமாக, விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. அது உள்ள பழைய கம்ப்யூட்டரை யாராவது மலிவாகத் தந்தால், விண்டோஸ் 11-க்கு மாற்ற முடியுமா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.