முதல் சித்திரக்கதை: புதிய வாசகருக்கு எதைக் கொடுப்பது?



சித்திரக்கதையே படித்திராத ஒருவருக்கு முதல் நூலாக எதைக் கொடுப்பது என்னும் வினா எளியதாகத் தோன்றும். மேரு, காப்பார், கிள்ளான் வட்டாரத்து இளைஞர் ஸ்பைடர்மேனையும் பேட்மேனையும் நன்கு அறிவர். ஆயினும் அவ்வறிமுகம் திரையரங்கின் வழியும் கைப்பேசியின் வழியும் வந்ததேயன்றி, அச்சிட்ட பக்கத்தின் வழி வந்ததன்று. அந்நாயகர்கள் பிறந்த பக்கங்களைத் தேடிச் செல்லும் மாணவர் விரைவில் சலித்துத் திரும்பிவிடுவதும் உண்டு. அதற்கு அவருடைய சோம்பலைக் காரணம் கூறுதல் பொருந்தாது.

சூப்பர்மேன் 1938-இலும் பேட்மேன் 1939-இலும் ஸ்பைடர்மேன் 1962-இலும் தோன்றினர். இவர்தம் கதைகள் இன்றளவும் முடியவில்லை. எழுதுவோர் மாறினர், வரைவோர் மாறினர், இறந்த பாத்திரங்கள் மீண்டும் உயிர்பெற்றன. ஆதலின் முதல் இதழிலிருந்து தொடங்கச் சொல்வதும் பயனற்றது. அண்மையில் வந்த இதழை வாங்கச் சொல்வதும் பயனற்றது. புதியவருக்குத் தொடக்கமும் முடிவும் உடைய ஒரு கதையே ஏற்றது. நான்காம், ஐந்தாம் படிவத்து மாணவருக்கு, 1987-இல் நான்கே இதழ்களில் நிறைவுற்ற 'பேட்மேன்: இயர் ஒன்' பொருந்தும். ஃபிராங்க் மில்லர் எழுத, டேவிட் மசூக்கெல்லி வரைந்த கதை அது. அவரினும் இளையோருக்கு 2014-இல் தொடங்கிய 'மிஸ் மார்வெல்' தொடரின் முதல் தொகுதியைக் கொடுக்கலாம். அதன் நாயகி கமலா கான், அமெரிக்காவில் வாழும் பாகிஸ்தானியக் குடும்பத்துப் பெண். வீட்டில் ஒரு பண்பாடு, பள்ளியில் வேறொரு பண்பாடு என வளரும் அவளைப் புரிந்துகொள்ள நம் மாணவருக்கு விளக்கவுரை வேண்டியதில்லை.

பலரும் முதலில் பரிந்துரைப்பது 'வாட்ச்மென்' என்னும் நூலை. நான் அதை முதல் நூலாகக் கொடேன். அது மீத்திறன் நாயகர் கதைமரபின்மேல் எழுந்த மறுப்புரை. மூலத்தைப் படியாதவர் மறுப்பைச் சுவைப்பது அரிது. தவிரவும் அது வளர்ந்தோருக்குரியது.

நூல் எதுவாயினும், சித்திரக்கதை வாசிப்பு ஒரு தனித்திறன் என்பதை ஆசிரியர் உணர்தல் வேண்டும். சிறுமி ஒருத்தி வாசலில் நின்று குடையை விரிப்பது ஒரு கட்டம். நனைந்த குடை வகுப்பறைக் கதவோரம் சாய்ந்திருப்பது அடுத்த கட்டம். மழையில் அவள் நடந்ததை ஓவியர் வரையவில்லை. இரண்டு கட்டங்களுக்கும் இடைப்பட்ட வெண்ணிடத்தில் வாசகரே வரைந்துகொள்கிறார். ஸ்காட் மெக்ளவுட் 1993-இல் வெளியிட்ட 'அண்டர்ஸ்டாண்டிங் காமிக்ஸ்' என்னும் நூல், இவ்வாறு கட்டம் விட்டுக் கட்டம் தாவும் முறைகளை ஆறாக வகுத்துரைக்கிறது. அந்நூலும் சித்திரக்கதை வடிவிலேயே அமைந்தது.

தமிழிலக்கணம் பயின்றோருக்கு இது புதிய செய்தி அன்று. 'மரப்பெட்டி' என்று சொல்கிறோம். 'ஆல்' என்னும் உருபும் 'ஆகிய' என்னும் பயனும் அங்கு மறைந்து நிற்கின்றன. மரத்தாலாகிய பெட்டி என்று கேட்போர் விரித்துக்கொள்கிறார். இதனை உருபும் பயனும் உடன்தொக்க தொகை என்று கற்பிக்கிறோம். சித்திரக்கதையின் வெண்ணிடத்தையும் ஒரு தொகையாகவே நான் காண்கிறேன். தொகையை விரிக்கத் தெரிந்த மாணவருக்குக் கட்டங்களின் இடைவெளியை விரிப்பதும் கைவரும்.

இந்த எடுத்துக்காட்டு நம்மை நேராகத் தமிழ்ச் சித்திரக்கதைக்கு அழைத்துச் செல்கிறது. சிவகாசியிலிருந்து சௌந்திரபாண்டியன் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் இதழ் 1972 ஜனவரியில் வெளிவந்தது. அதன் பெயர் 'இரும்புக்கை மாயாவி'. 1962-இல் பிரித்தானிய இதழான 'வேலியண்ட்'டில் தொடங்கிய தொடரின் தமிழாக்கம் அது; ஓவியர் ஹேசுஸ் பிளாஸ்கோ ஸ்பெயின் நாட்டவர். கையிழந்து இரும்புக் கை பொருத்தப்பட்ட லூயிஸ் கிராண்டெல்லின் உடலில் மின்சாரம் பாய்ந்தால், உடல் முழுதும் மறைந்து அந்தக் கை மட்டும் புலப்படும். மூலப்பெயரான 'ஸ்டீல் கிளா' உருக்கு நகத்தை மட்டுமே சுட்டுகிறது. தமிழ்ப்பெயரோ கண்ணுக்குத் தெரியும் கையையும் தெரியாத உடலையும் ஒருசேரச் சுட்டுகிறது. 'இரும்புக்கை' என்பதும் உருபும் பயனும் உடன்தொக்க தொகையே. வகுப்பில் இதனினும் சுவையான எடுத்துக்காட்டு கிடைப்பது கடினம்.

லீ ஃபாக் 1936-இல் படைத்த ஃபேண்டம் தமிழில் வேதாளர் ஆனார். விக்கிரமாதித்தன் தோளில் ஏறிய வேதாளத்துக்கு இல்லாத 'அர்' விகுதி இவருக்குக் கிடைத்தது. அறம் காப்பவர் பேயாயினும் மரியாதைக்குரியவர் என்று மொழிபெயர்ப்பாளர் கருதினார் போலும். 1984-இல் தோன்றிய ராணி காமிக்ஸிலோ அவருக்கே மாயாவி என்று பெயர். ஒருவருக்கு இரு பெயர், ஒரு பெயருக்கு இருவர் எனப் பழைய வாசகர் இதனைச் சிக்கலின்றி ஏற்றனர்.

ஒலிகளைக் குறித்தும் ஒரு சொல். அடி, வெடி, வீழ்ச்சி ஆகியவற்றைச் சித்திரக்கதை எழுத்தாலேயே ஒலிக்கச் செய்கிறது. தமிழ் இத்துறையில் வறிய மொழி அன்று. படார், தொபுக்கடீர், சரேல், சலசல, மடமட என எத்தனையோ உள. இரட்டைக்கிளவி பிரிந்து நில்லாது என்பதைத் தொல்காப்பியர் கிளவியாக்கத்திலேயே கூறிவிட்டார். ஆங்கில நூல் ஒன்றின் பக்கத்தைக் கொடுத்து, அதிலுள்ள ஓசைச் சொற்களைத் தமிழாக்கச் சொல்லிப் பாருங்கள்.

'காமிக்ஸ் படித்தால் மொழி கெடும்' என்னும் அச்சம் ஆசிரியரிடையே இன்றும் உண்டு. மலேசியச் சூழலில் நான் அஞ்சுவது வேறொன்றுக்கு. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டை முடித்த பிள்ளைக்கு, இடைநிலைப்பள்ளியில் தமிழ் ஒரு பாடமாகச் சுருங்குகிறது. எழுத்துத் தமிழைத் தேர்வுத்தாளில் மட்டுமே காணும் மாணவர், அம்மொழியில் எவரும் அஞ்சார், சினவார், நகையாடார் என்று எண்ணத் தொடங்குகிறார். பேச்சுவழக்கும் எழுத்துவழக்கும் வேறுபட்ட நம் மொழியில் இவ்வெண்ணம் எளிதில் வேரூன்றும். முத்து காமிக்ஸின் பழைய மொழிபெயர்ப்புகளில் உரையாடல் பெரும்பாலும் எழுத்துத் தமிழை ஒட்டியது. துரத்தப்படுபவன் வாயிலும் துரத்துபவன் வாயிலும் முழு வினைமுற்றோடு அமைந்த தொடர் வருகிறது. படம் அதன் பொருளைத் தாங்கி நிற்கிறது. அகராதியின் துணையின்றியே மாணவர் பக்கத்தைக் கடந்துவிடுகிறார்.

பறக்கும் வீரர்களில் விருப்பமில்லாதோரும் உளர். அவர்களுக்கு நம் நாட்டு லாட் வரைந்த 'கம்போங் பாய்' நூலைக் கொடுங்கள். 1979-இல் வெளிவந்த அந்நூல், பேராக் மாநிலத்துச் சிற்றூரில் ஒரு மலாய்ச் சிறுவன் வளர்வதைச் சொல்கிறது. இறுக்கமான கட்டங்கள் அதில் இல்லை. பெரிய ஓவியங்களோடு கையெழுத்து வரிகள் ஓடுகின்றன. எனவே இடைவெளியை விரிக்கப் பழகாதவரும் தடுமாறாமல் படிப்பர். 1981-இல் வந்த 'டவுன் பாய்' அச்சிறுவனை ஈப்போ நகருக்கு அழைத்துச் சென்று, ஃபிராங்கி என்னும் சீன நண்பனோடு பழக வைக்கிறது. இவற்றைக் கடந்தோருக்கு மர்ஜானே சத்ரபியின் 'பெர்செபோலிஸ்' உண்டு. ஈரானில் கழிந்த தம் இளமையைக் கறுப்பு வெள்ளையில் அவர் வரைந்த நூல் அது. 1992-இல் புலிட்சர் சிறப்பு விருது பெற்ற ஆர்ட் ஸ்பீகல்மனின் 'மவுஸ்' நூலை ஆசிரியர் உடனிருந்து படிப்பிப்பது நன்று. யூதரை எலிகளாகவும் நாஜிகளைப் பூனைகளாகவும் வரைந்த அந்நூலின் வரலாறு கனமானது.

லாட்டைப் படித்து முடித்த வகுப்புக்கு ஒரு பயிற்சி தரலாம். மேரு வட்டாரத்துத் தோட்டங்களில் பால்மரம் சீவிய பாட்டி ஒருவரின் விடியற்காலையை ஆறு கட்டங்களில் வரையச் சொல்லுங்கள். லயத்துக் கதவு திறப்பது முதற்கட்டம். வாளியில் பால் நிறைவது ஆறாம் கட்டம். எவற்றை வரைவது, எவற்றை வெண்ணிடத்துக்கு விடுவது, பாட்டியின் வாயில் பேச்சுத் தமிழை வைப்பதா எழுத்துத் தமிழை வைப்பதா என்பதையெல்லாம் மாணவரே தீர்மானிக்கட்டும்.