மாங்கனீசு குறைந்தால்தான் புளிக்கும்!

கடையில் வாங்கும் பழச்சுவை பானத்தின் போத்தலைத் திருப்பிப் பாருங்கள். உட்பொருள் பட்டியலில் 'அசிட் சித்ரிக்' என்று இருக்கும். எலுமிச்சையில் உள்ள அதே சிட்ரிக் அமிலம்தான். ஆனால் பெரும்பாலும் அது எலுமிச்சையிலிருந்து வருவதில்லை. வெங்காயத் தோலில் கரிப்பொடி தூவியதுபோல் படிகிறதே, அந்தக் கறுப்புப் பூஞ்சை வகையைச் சேர்ந்த அஸ்பெர்ஜில்லஸ் நைஜர்தான் அதைத் தயாரிக்கிறது. உலகம் முழுவதும் ஆண்டுக்கு 20 லட்சம் டன்னுக்கும் மேல்!

சர்க்கரை மிகுந்த, புளிப்பான கரைசலில் இந்தப் பூஞ்சை சிட்ரிக் அமிலத்தைக் குவிக்கும் என்பதை 1917இல் அமெரிக்க ஆய்வாளர் ஜேம்ஸ் கரி எடுத்துக்காட்டினார். 1923இல் ஃபைசர் நிறுவனம் நியூயார்க்கின் புரூக்ளினில் ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. இத்தாலிய எலுமிச்சையின் ஆதிக்கம் சரிந்தது. ஆரம்பத்தில் அகலத் தட்டுகளில் வளர்த்தார்கள். பிறகு ஆழமான தொட்டிகளுக்கு மாறினார்கள். அங்கேதான் மாங்கனீசு தொல்லை கொடுத்தது.

எவ்வளவு மாங்கனீசு? 1966இல் வெளிவந்த ஓர் ஆய்வில், லிட்டருக்கு வெறும் 3 மைக்ரோகிராம் சேர்த்ததற்கே அமில விளைச்சல் 10 விழுக்காடு குறைந்தது. கணக்குப் போட்டால், ஒரே ஒரு கிராம் மாங்கனீசு 3 லட்சம் லிட்டர் கரைசலைப் பாதிக்கப் போதும்.

காரணம் சுவையானது. மாங்கனீசு தாராளமாகக் கிடைத்தால் பூஞ்சை நீண்ட இழைகளாக வளர்கிறது. சர்க்கரை அதன் உடம்புக்கே போய்விடுகிறது. கிடைக்காவிட்டால் இழைகள் குட்டையாகி, வீங்கி, சிறு உருண்டைகளாகத் திரள்கின்றன. செல்லுக்குள் புரதம் சிதைந்து அம்மோனியம் கூடுகிறது. எஸ்டிபிஎம் உயிரியல் மாணவர்கள் கிளைக்கோலிசிஸை நினைத்துக்கொள்ளுங்கள்: சிட்ரிக் அமிலம் அதிகமானால், சர்க்கரையை உடைக்கும் முக்கிய நொதி ஒன்றை அதுவே அடக்கிவிடும். அம்மோனியம் கூடும்போது அந்தக் கடிவாளம் தளர்கிறது. வளர முடியாத பூஞ்சை அமிலத்தைக் கொட்டிக்கொண்டே இருக்கிறது.

மாங்கனீசை ஒதுக்குவது எளிதல்ல. ஒளிச்சேர்க்கைக்கு அது தேவை என்பதால் எந்தச் செடியிலும் இருக்கும். கரும்பாலைக் கழிவுப்பாகில் இல்லாமல் இருக்குமா? அதனால்தான் பொட்டாசியம் ஃபெரோசயனைடு சேர்த்து உலோகங்களைப் படிய வைக்கிறார்கள், அல்லது அயனிப் பரிமாற்றப் பிசின் வழியே வடிக்கிறார்கள். தொட்டியும் துருப்பிடிக்காத எஃகாக இருக்க வேண்டும்.

பேராக் தோட்டப்புறத்துக்கு மாங்கனீசு புதிய எதிரியல்ல. ரப்பரில் செம்போ மாங்கனீசோ சற்றுக் கூடினாலும் ஆக்சிஜன் அதை வேகமாகத் தாக்கும். ஷீட் பிசுபிசுவென்று ஒட்டத் தொடங்கிவிடும். ஆனால் பூஞ்சைத் தொட்டியில் செம்பு நண்பன்! மாங்கனீசைப் பூஞ்சை உறிஞ்சவிடாமல் அது தடுக்கிறது. ஒரே உலோகம், இரண்டு குணம்.

சுங்கை சிப்புட் பக்கம் என் பாட்டி பால்மரம் சீவிய தோட்டத்தில் இப்போது செம்பனைதான் நிற்கிறது. பழத்தை உதிர்த்தபின் ஆலையில் மலைபோல் குவியும் வெற்றுக் குலைகள் பூஞ்சைக்கு உணவாகுமா? ஆகும். மலேசிய அனைத்துலக இஸ்லாமியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்த நாரில் சிறிது சர்க்கரையும் தாதுக் கரைசலும் சேர்த்து அஸ்பெர்ஜில்லஸ் நைஜரை வளர்த்தனர். 2009இல் வெளியான முடிவின்படி, உலர்ந்த நார் ஒரு கிலோவுக்கு 300 கிராமுக்கும் அதிகமான சிட்ரிக் அமிலம் கிடைத்தது.

நாரிலும் மாங்கனீசு இருக்குமே என்று கேட்பீர்கள். தொட்டிக் கரைசலைப் போலன்றி, ஈரமான திடப்பொருளின் மேல் வளரும்போது இப்பூஞ்சை உலோகங்களை ஓரளவு தாங்கிக்கொள்கிறது. ஏன் என்பது எனக்கு இன்னும் வியப்புதான். பெரிய குவியலில் பூஞ்சை வளரும்போது உண்டாகும் சூட்டை வெளியேற்றுவதுதான் அங்கே பெரும் சிரமம்.