மண் சுவாசம்: திண்டுக்கல் சமவெளியில் வறட்சி, மழை ஆகியவற்றின் தாக்கம்

மண் சுவாசம் என்பது மண்ணில் வாழும் உயிர்கள் கரிமப் பொருள்களைப் பயன்படுத்தி ஆற்றல் பெறும்போது உண்டாகும் கார்பன் டை ஆக்சைடு, நிலப்பரப்பின் வழியாக வளிமண்டலத்தை அடையும் நிகழ்வாகும். தாவர வேர்கள், பாக்டீரியாக்கள், பூஞ்சைகள், மண்புழுக்கள் ஆகியவை இதில் பங்கேற்கின்றன. உலக அளவில் இவ்வாறு வெளியேறும் கார்பன், புதைபடிவ எரிபொருள்களிலிருந்து வெளியேறுவதைவிடப் பல மடங்கு மிகுதி. ஒளிச்சேர்க்கையின் வழியாகத் தாவரங்கள் ஏறத்தாழ அதே அளவைத் திரும்ப எடுத்துக்கொள்வதால் சமநிலை காக்கப்படுகிறது. கடும் வறட்சியும் பெருமழையும் இச்சமநிலையைக் குலைக்கக்கூடியவை.

வெப்பமும் ஈரமும்

வெப்பநிலை 10 பாகை செல்சியசு உயர்ந்தால் மண் சுவாசம் ஏறத்தாழ இரு மடங்காகும் என்பது பொது விதி. ஆனால் மண்ணில் போதிய ஈரம் இருந்தால்தான் இது பொருந்தும். மண் காய்ந்தால் துகள்களைச் சூழ்ந்த நீர்ப்படலம் மெலிகிறது. கரைந்த உணவு நுண்ணுயிரிகளைச் சென்றடைவதில்லை. ஈரம் மிகுந்தால் மண் துளைகளில் நீர் நிரம்புகிறது. காற்றில் பரவுவதைவிட நீரில் ஆக்சிசன் ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவாகப் பரவுவதால், சுவாசம் தடைப்படுகிறது. துளைகளில் ஏறத்தாழ 60 விழுக்காடு நீர் நிரம்பிய நிலையில் மண் சுவாசம் உச்சத்தில் இருக்கும்.

திண்டுக்கல் சமவெளியின் நிலை

ஒருபுறம் சிறுமலையும் மறுபுறம் பழனி மலைத்தொடரும் அமைந்த திண்டுக்கல் சமவெளி, மேற்கு மலைகளின் மழை மறைவுப் பகுதியில் உள்ளது. இங்கு அக்டோபர் முதல் திசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையே முதன்மையானது. வேடசந்தூர், குசிலியம்பாறை போன்ற பகுதிகளில் மானாவாரி வேளாண்மை மிகுதி. பரவலாகக் காணப்படும் செம்மண்ணில் கரிமப் பொருள் குறைவு. நீரைத் தேக்கிவைக்கும் திறனும் குறைவு.

எனவே ஆண்டின் மிக வெப்பமான சித்திரை, வைகாசி மாதங்களில் இங்குள்ள தரிசு நிலம் மிகுதியாகச் சுவாசிப்பதில்லை. வெப்பம் இருந்தும் ஈரம் இல்லாததால் நுண்ணுயிரிகள் ஒடுங்கிக் கிடக்கின்றன. இச்சமவெளியில் மண் சுவாசத்தைப் பெரிதும் தீர்மானிப்பது வெப்பம் அன்று, ஈரமே.

முதல் மழையும் பர்ச் விளைவும்

காய்ந்த மண்ணில் மழை விழுந்த சில மணி நேரத்திலேயே மண் சுவாசம் திடீரென உயர்ந்து, சில நாட்களில் தணிகிறது. கென்யாவில் பணியாற்றிய எச். எஃப். பர்ச் 1958இல் வெளியிட்ட ஆய்வின் காரணமாக இது பர்ச் விளைவு எனப்படுகிறது. வறட்சியில் இறந்த நுண்ணுயிரிகளின் உடற்பொருள்கள் உணவாவதும், மண் கட்டிகள் உடைந்து உள்ளே அடைபட்டிருந்த கரிமப் பொருள் வெளிப்படுவதும் இதற்கு முதன்மைக் காரணங்கள்.

அப்போது மண்ணிலுள்ள நைட்ரசனும் தாவரங்கள் ஏற்கும் வடிவுக்கு மாறுகிறது. "சித்திரைப் புழுதி பத்தரை மாற்றுத் தங்கம்" என்ற உழவர் வழக்கிலுள்ள உண்மையை இது ஓரளவு விளக்குகிறது. ஆனால் நிலத்தில் பயிர் இல்லையெனில் விடுபட்ட நைட்ரசனின் ஒரு பகுதி மழைநீரோடு இறங்கி வீணாகும். வெளியேறிய கார்பனை ஈடுசெய்ய ஒளிச்சேர்க்கையும் இராது.

வானிலை உச்சங்கள்

2016இல் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட 62 விழுக்காடு குறைந்தது. 2017 சனவரியில் அனைத்து மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. இத்தகைய ஆண்டில் வேர்களின் சுவாசமும் நுண்ணுயிரிகளின் சுவாசமும் குறைகின்றன. எனினும் இதை மண்ணுக்குக் கிடைத்த சேமிப்பாகக் கொள்ள முடியாது. பயிர் வளராததால் மண்ணுக்குத் திரும்பும் வேரும் தழையும் அதைவிட மிகுதியாகக் குறையக்கூடும். 2003ஆம் ஆண்டு ஐரோப்பிய வெப்ப அலையின்போது சுவாசம், ஒளிச்சேர்க்கை இரண்டும் குறைந்தன. ஒளிச்சேர்க்கை கூடுதலாகக் குறைந்ததால், வழக்கமாகக் கார்பனை ஈர்க்கும் நிலப்பரப்பு அவ்வாண்டு கார்பனை வெளியிடுவதாக மாறியது.

பெருமழையின் விளைவு மண்ணின் தன்மையைப் பொறுத்தது. செம்மண்ணில் நீர் விரைவில் வடிவதால் சுவாசம் சில நாட்களில் மீள்கிறது. நீர் தேங்கும் களிமண் நிலத்தில் ஆக்சிசன் குறைந்து, மீத்தேன், நைட்ரசு ஆக்சைடு ஆகிய பசுமைக்குடில் வாயுக்கள் உருவாகலாம்.

வேளாண்மையில் முக்கியத்துவம்

நீண்ட வறட்சியும் இடையிடையே குறுகிய கனமழையும் மாறி மாறி வந்தால், ஏற்கெனவே குறைவாக உள்ள கரிமப் பொருள் மேலும் கரையும். கரிமப் பொருள் குறைந்த மண்ணில் ஈரம் தங்காது. அடுத்த வறட்சி இன்னும் கடுமையாகத் தாக்கும். இச்சுழலைத் தளர்த்தப் பின்வருவன உதவுகின்றன:

- பயிர்க்கழிவுகளை எரிக்காமல் மூடாக்காக இடுதல். இது மண்ணின் வெப்பத்தைக் குறைத்து ஈரத்தைக் காக்கிறது.
- தொழு உரம் இடுதல், ஆட்டுக்கிடை போடுதல், கொழிஞ்சி போன்ற பசுந்தாள் உரப் பயிர்களை மடக்கி உழுதல்.
- கண்மாய், குளங்களின் வண்டலைச் செம்மண் நிலத்தில் பரப்புதல்.
- முதல் மழையை ஒட்டியே விதைத்து, விடுபடும் நைட்ரசனைப் பயிருக்குக் கிடைக்கச் செய்தல்.

மண் சுவாசம் என்பதே இழப்பு அன்று. அது உயிருள்ள மண்ணின் அடையாளம். வெளியேறும் கார்பனுக்கு ஈடாக வேரும் தழையும் உரமும் மண்ணுக்குத் திரும்பாதபோதே அது இழப்பாகிறது.